வேகம் மாற்றும் மின்இயக்கி: பொருத்துவதில் பாதுகாப்பு

இந்தியத் தொழிற்சாலைகளில் செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி மோட்டார்களைச் சுழற்றுவதற்கே பயன்படுகிறது. ஆகவே மின்சிக்கனம் பற்றிய எந்த ஆய்வும் மோட்டார்களில்தான் தொடங்குகிறது. 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நிறைவேறி, 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் செயலகம் அமைக்கப்பட்ட பின்னர், பெரிய ஆலைகளில் எரிசக்தித் தணிக்கை வழக்கமான பணியாகிவிட்டது. 2012இல் தொடங்கிய திறன் இலக்குத் திட்டத்தின் முதற் சுற்றிலேயே நெசவுத் தொழிலும் சேர்க்கப்பட்டது. இத்தணிக்கை அறிக்கைகளில் தவறாமல் காணப்படும் பரிந்துரை ஒன்று உண்டு: “விசிறி மோட்டாருக்கு வேகம் மாற்றும் மின்இயக்கி பொருத்துக.”

அறிக்கையில் இது ஒரே வரி. ஆலையிலோ அந்த ஒரு வரி பல நாள் வேலையாகிறது. கருவியை வாங்குவதோடு சேமிப்பு கிடைத்துவிடும் என்ற எண்ணம் நிர்வாகங்களிடம் பரவலாக இருக்கிறது. உண்மையில், கருவி எவ்வாறு பொருத்தப்பட்டது, எந்தக் கம்பியால் இணைக்கப்பட்டது, எவ்வாறு எர்த் செய்யப்பட்டது என்பவையே சேமிப்பையும், அதைவிட முக்கியமாக, அதனருகே பணிபுரிவோரின் உயிரையும் தீர்மானிக்கின்றன. தொழிலாளர் மொழியில் ‘டிரைவ்’ என்றே வழங்கும் இக்கருவியைப் பொருத்தும் முறையை, நூற்பாலையின் ஈரப்பத நிலையத்திலுள்ள விசிறி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே காணலாம்.

சேமிப்பின் கணக்கு

நூற்பாலையில் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றின் ஈரப்பதம் குறிப்பிட்ட அளவில் நிற்க வேண்டும். இதற்கென ஈரக்காற்றை உள்ளே செலுத்தும் விசிறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கோடையில் தேவைப்படும் காற்றின் அளவு மழைக்காலத்தில் தேவைப்படுவதில்லை. மின்இயக்கி இல்லாத ஆலையில் மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் ஓட, காற்றுவழியிலுள்ள தடுப்புத் தகட்டை மூடிக் காற்றைக் குறைக்கின்றனர். வண்டியின் முடுக்கியை முழுவதும் அழுத்திக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பது போன்றது இது.

விசிறி தரும் காற்றின் அளவு அதன் வேகத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. அது உட்கொள்ளும் திறனோ வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுகிறது. வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் திறன் ஏறக்குறைய 51 விழுக்காடாகிவிடும். 15 கிலோவாட் மோட்டார் ஒன்று முழு வேகத்தில் 13 கிலோவாட் உட்கொள்கிறது எனக் கொள்வோம். 80 விழுக்காடு வேகத்தில், மின்இயக்கியின் சொந்த இழப்பையும் சேர்த்து, அது ஏறக்குறைய 7 கிலோவாட்டில் ஓடும். ஆண்டுக்கு 6000 மணி நேரம் இவ்வேகத்தில் ஓடினால் மிச்சம் 36,000 யூனிட். உயரத்திற்கு நீரேற்றும் பம்புகளுக்கு இம்மும்மடிக் கணக்கை அப்படியே பொருத்துவது தவறு. அங்கே உயரத்தை எட்டத் தேவையான அழுத்தம் வேகத்தோடு குறைவதில்லை, சேமிப்பும் சுருங்கிவிடும்.

கருவியின் உள்ளே

மின்இயக்கியின் உள்ளமைப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதி, 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக மாற்றும் டயோடு பாலம். இரண்டாவது, அவ்வாறு கிடைத்த ஏறக்குறைய 585 வோல்ட் நேர்திசை மின்னழுத்தத்தைச் சீராக்கித் தேக்கிவைக்கும் மின்தேக்கிகள். மூன்றாவது, ஐ.ஜி.பி.டி. எனப்படும் குறைகடத்திச் சாவிகளால் அந்நேர்திசை மின்னழுத்தத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மோட்டாருக்கு அனுப்பும் பகுதி. நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்திற்கு 1500 சுற்று என்ற ஒத்தியங்கு வேகத்தையொட்டி ஓடுகிறது; 40 ஹெர்ட்ஸ் தரப்பட்டால் அவ்வேகம் 1200 ஆகிறது.

பொருத்தும் பணியில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் பெரும்பாலும் இம்மூன்று பகுதிகளிலிருந்தே பிறக்கின்றன. இதை அறியாத மின்பணியாளருக்கு இக்கருவி மற்றொரு ஸ்டார்ட்டராகவே தோன்றும். விபத்துக்கு வழி வைப்பது இத்தோற்றமே.

இடத் தேர்வு

15 கிலோவாட் மின்இயக்கி முழுச்சுமையில் 400 முதல் 500 வாட் வரை வெப்பத்தை வெளியிடும். பெரும்பாலான கருவிகள் 40 டிகிரி செல்சியஸ் சூழலுக்காக வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல், தயாரிப்பாளர் தரும் அட்டவணைப்படி சுமையைக் குறைக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களிலும் காற்றின் அடர்த்தி குறைவதால் இவ்வாறே செய்ய வேண்டும். கருவியின் மேலும் கீழும் காற்று செல்ல இடம் விட்டு, செங்குத்தாக, எரியாத உலோகப் பலகையில் பொருத்துவது முறை.

நூற்பாலையில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பஞ்சுத் தூசி வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் படிந்து கம்பளி போல் மூடிவிடும். ஈரப்பத நிலையத்திலோ நீர்த்துளி எந்நேரமும் மிதக்கிறது. ஆகவே விசிறிக்கு அருகில் கருவியைத் திறந்த நிலையில் வைக்க இயலாது. தூசியும் நீரும் புகாத பெட்டியில் வைத்தால் வெப்பம் வெளியேறத் தனி வழி வேண்டும். மின்பலகை அறையில் வைத்தால் கருவி பாதுகாப்பாக இருக்கும்; ஆனால் அங்கிருந்து மோட்டார் வரை கம்பி நீளமாகிவிடும். அந்நீளம் தனியொரு தொல்லையைக் கொண்டுவருவதைப் பின்னர் காணலாம். பெரும்பாலான ஆலைகளுக்கு மின்பலகை அறையே ஏற்றது எனலாம். கம்பியின் தொல்லையைக் கருவிகளால் சரிசெய்ய இயலும். ஈரத்தையும் பஞ்சையும் நாள்தோறும் எதிர்த்து வெல்வது கடினம்.

உள்வரும் முனையும் வெளிச்செல்லும் முனையும்

மின்வழங்கல் இணையும் முனைகளுக்கு ஆர், எஸ், டி என்றோ எல்1, எல்2, எல்3 என்றோ பெயரிட்டிருப்பர். மோட்டார் முனைகள் யு, வி, டபிள்யு எனப்படும். மின்வழங்கலை மோட்டார் முனைகளில் இணைத்துவிட்டால் மின்சாரம் கொடுத்த அக்கணமே கருவி அழிந்துபோகும். வெடித்துச் சிதறவும் கூடும். பெட்டியின் கதவை மூடிய பின்னரே முதன்முறை மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பழைய விசிறிகளில் ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கும். மோட்டாரிலிருந்து ஆறு கம்பிகள் அதற்கு வந்திருக்கும். அந்த ஸ்டார்ட்டரை அப்படியே வைத்து அதற்கு முன்னால் மின்இயக்கியை இணைப்பது பல இடங்களில் காணப்படும் தவறு. ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் நொடியில் மின்னோட்டம் அறுபட்டு மீண்டும் பாய்வதால் குறைகடத்திச் சாவிகள் பாதிக்கப்படுகின்றன. பெயர்ப்பலகையில் 415 வோல்ட் டெல்டா என்று குறித்துள்ள மோட்டாரில், முனைப்பெட்டியிலேயே தகடுகளை டெல்டாவாக இணைத்து, மூன்று கம்பிகளை மட்டும் மின்இயக்கிக்குக் கொண்டுவர வேண்டும்.

மோட்டாருக்குப் பக்கத்தில் திறன்காரணியை உயர்த்தும் மின்தேக்கி இருந்தால் அதை அகற்றிவிட வேண்டும். மின்இயக்கியின் வெளிச்செல்லும் பக்கத்தில் மின்தேக்கிக்கு இடமே இல்லை. அதிர்வெண் மிகுந்த துடிப்புகளுக்கு அது குறுக்குச்சுற்றுப் போலாகிவிடும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இடையிலுள்ள காண்டாக்டரைத் திறப்பதும் மூடுவதும் கூடாது. பராமரிப்புக்காக மோட்டார் அருகே துண்டிப்புச் சாவி வைத்தால், அது திறக்கும் முன்பே மின்இயக்கிக்கு நிறுத்தக் கட்டளை போகும்படி துணைத்தொடுப்பு அமைக்க வேண்டும்.

உள்வரும் பக்கத்தில் உருகியோ சுற்றுமுறிப்பானோ தயாரிப்பாளர் குறித்த வகையிலும் அளவிலும் இருத்தல் வேண்டும். 15 கிலோவாட் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் ஏறக்குறைய 27 ஆம்பியர் என்பதால் கடையில் கிடைக்கும் ஏதேனும் ஒரு 32 ஆம்பியர் சாதனத்தைப் போட்டுவிடுவது சரியன்று. டயோடு பாலம் மின்வழங்கலிலிருந்து ஐந்தாம், ஏழாம் ஹார்மானிக் அலைகள் கொண்ட மின்னோட்டத்தை இழுப்பதால், உள்வரும் பக்கத்தில் ரியாக்டர் சுருள் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. ஒரே மின்மாற்றியில் பல மின்இயக்கிகள் இணைந்த ஆலையில் இது இன்றியமையாதது. இல்லையெனில் ஆலையின் பொதுத் திறன்காரணி மின்தேக்கிகள் அவ்வலைகளை ஏற்றுச் சூடேறிப் பழுதாகின்றன. அப்போது பழி மின்தேக்கியின் மீது விழுகிறது.

பழுது நேர்ந்தால் விசிறி நிற்கக்கூடாது என்பதற்காக, மின்இயக்கியைத் தவிர்த்து நேரடியாக ஓட்டும் மாற்றுப்பாதை வைப்பதுண்டு. இதில் மின்வழங்கல் பின்வழியாக யு, வி, டபிள்யு முனைகளை அடைய எவ்வகையிலும் இயலாதபடி இரு காண்டாக்டர்களுக்கிடையே மின்பூட்டும் இயந்திரப்பூட்டும் வேண்டும். மின்இயக்கி வழியாக ஓடும்போது உள்வரும் கம்பிகளின் வரிசைக்கும் மோட்டார் சுழலும் திசைக்கும் தொடர்பில்லை. மாற்றுப்பாதையில் தொடர்பு உண்டு. ஒரு வழியில் மட்டும் திசையைச் சோதித்துவிட்டுச் சென்றால், பல மாதங்கள் கழித்து மாற்றுப்பாதையைப் போடும் நாளில் விசிறி எதிர்த்திசையில் சுழலும்.

எர்த் இணைப்பு

ஒவ்வொரு நிலையான மோட்டாரின் உடற்கூட்டையும் இரு தனித்தனி இணைப்புகளால் எர்த் செய்ய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. அவ்விதிகளுக்குப் பதிலாக 2010இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்ந்தது. மின்இயக்கி வந்த பின்னர் இவ்விதியின் தேவை கூடியுள்ளது.

மோட்டாருக்குச் செல்லும் துடிப்புகள் மிக விரைவாக ஏறி இறங்குவதால், கம்பிக்கும் பூமிக்கும் இடையே, சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே, எப்போதும் சிறிதளவு மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். பழுதில்லாத நிலையிலும் இது 3.5 மில்லி ஆம்பியருக்கு மேற்படுவது இயல்பு. எர்த் கம்பி அறுந்திருந்தால் அம்மின்னோட்டம் மோட்டாரைத் தொட்டவர் உடல் வழியே செல்லும். எனவேதான் பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழுவின் 61800-5-1 எண்ணுள்ள தரநிலை, கசிவு அந்த அளவைத் தாண்டும்போது, குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியையோ, முதற்கம்பிக்கு இணையான இரண்டாவது எர்த் கம்பியையோ போன்ற கூடுதல் காப்பைக் கேட்கிறது. இந்தியாவில் எர்த் செய்யும் முறைக்கு ஐ.எஸ். 3043 வழிகாட்டுகிறது.

மோட்டாரின் எர்த் கம்பி முதலில் மின்இயக்கியின் எர்த் முனைக்கு வந்து, அங்கிருந்து எர்த் பட்டைக்குச் செல்ல வேண்டும். பல மின்இயக்கிகள் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாக இணைக்காமல் ஒவ்வொன்றையும் தனியே பட்டையில் சேர்க்க வேண்டும். வண்ணம் பூசிய பலகையின் மீது திருகாணியை இறுக்கிவிட்டால் எர்த் ஆகிவிட்டது என்று நினைப்பது ஏமாற்றம் தரும். வண்ணத்தைச் சுரண்டி உலோகம் உலோகத்தைத் தொடச் செய்ய வேண்டும்.

சாதாரணக் கசிவுமின் துண்டிப்பான் இக்கசிவை விபத்தென்று கருதி அடிக்கடி விழும். எரிச்சலுற்ற பணியாளர் ஒருநாள் அதைக் கழற்றிவிடுவார். பாதுகாப்பு அங்கே முற்றிலும் போய்விடும். நேர்திசைக் கசிவையும் உணரும் பி வகைத் துண்டிப்பானைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு வழி.

கம்பியின் நீளமும் பேரிங்கின் ஆயுளும்

துடிப்பு அலைகள் கம்பியின் வழியே ஓடி மோட்டார் முனையை அடையும்போது, கிணற்றில் எழுப்பிய ஒலி திரும்புவதுபோல, ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. நீண்ட கம்பியில் சென்ற அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து மோட்டார் முனையில் மின்னழுத்தம் இருமடங்கு வரை உயரக்கூடும். 585 வோல்ட் என்பது 1170 வோல்ட் ஆகிறது. பலமுறை சுருள் மாற்றப்பட்ட பழைய மோட்டாரின் மின்காப்பு இதை நெடுநாள் தாங்காது. மின்பலகை அறை தொலைவில் இருந்தால், மின்இயக்கியின் வெளிச்செல்லும் பக்கத்தில் துடிப்பின் கூர்மையைக் குறைக்கும் ரியாக்டரோ வடிப்பானோ சேர்க்க வேண்டும். எவ்வளவு நீளம் வரை தேவையில்லை என்பது கருவிக்குக் கருவி மாறுவதால் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மோட்டார் கம்பி, மூன்று கட்டங்களையும் எர்த்தையும் சமச்சீராகக் கொண்ட உலோகக் கவசமுள்ள கம்பியாக இருப்பது சிறப்பு. கவசத்தை இரு முனைகளிலும், சுற்றுமுழுதும் பற்றும் கிளாண்ட் வழியே எர்த்தில் சேர்க்க வேண்டும். கவசத்தைப் பின்னலாக முறுக்கி ஒரு திருகாணியில் மாட்டுவதால் பயன் பெரிதும் குறைகிறது. ஈரப்பதமானி போன்ற உணரிகளின் மெல்லிய கம்பிகளை மோட்டார் கம்பியிலிருந்து 300 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விலக்கிக் கொண்டுசெல்வதும், குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடச் செய்வதும் வழக்கம். இவ்விலக்கம் இல்லாத இடத்தில் ஈரப்பத அளவு காரணமின்றி ஏறி இறங்கும். விசிறியும் அதற்கேற்ப ஆடும்.

மோட்டாரின் அச்சிலும் சிறு மின்னழுத்தம் எழுகிறது. அது பேரிங்கின் எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துப் பூமிக்குச் செல்லும்போது, பேரிங்கின் ஓடுபாதையில் வரிவரியாகப் பள்ளம் விழுகிறது. மின்இயக்கி வைத்த சில மாதங்களில் மோட்டார் இரைந்தால், கிரீஸ் குறைவென்று முடிவுகட்டும் முன் எர்த் இணைப்பையும் கம்பியையும் பார்க்க வேண்டும்.

மின்சாரம் நின்ற பின்னும் உள்ள ஆபத்து

மின்இயக்கியைச் சாதாரண ஸ்டார்ட்டரிலிருந்து வேறுபடுத்தும் பெரிய ஆபத்து மின்தேக்கிகளில் உள்ளது. பிரதான சாவியை நிறுத்தியதும் கருவியின் விளக்குகள் அணைந்துவிடலாம். ஆனால் மின்தேக்கிகளில் 585 வோல்ட் மின்னழுத்தம் உடனே மறைவதில்லை. 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கித் தொகுதியில் தேங்கியுள்ள ஆற்றல் ஏறக்குறைய 170 ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க மருத்துவமனையில் தரும் மின்னதிர்ச்சியின் அளவும் ஏறத்தாழ இதுவே. கருவியின் முகப்பில் குறித்தபடி ஐந்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ காத்திருந்தாக வேண்டும்.

காத்திருந்தால் மட்டும் போதாது. மின்தேக்கியை வடிக்கும் மின்தடை பழுதாகியிருக்கலாம். ஆகவே நேர்திசை முனைகளுக்கிடையே, 1000 வோல்ட் தாங்கும் அளவுமானியால் அளந்து, மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பின்னரே கை வைக்க வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும், மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் அந்த அளவுமானி சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மின்பணியாளரின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் நியான் டெஸ்டரை இங்கே நம்பலாகாது. மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்ட மின்தேக்கிக்குப் பூமியோடு நேர்த்தொடர்பு இராமையால், முழு மின்னழுத்தம் இருந்தும் டெஸ்டர் ஒளிராமல் போகலாம்.

மோட்டாரின் மின்காப்பை மெகர் கொண்டு சோதிக்கும்போது மோட்டார் கம்பிகளை மின்இயக்கியிலிருந்து கழற்றிவிட வேண்டும். மெகரின் 500 அல்லது 1000 வோல்ட் குறைகடத்திகளைக் கெடுத்துவிடும். ஓராண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்த கருவியை நேராக முழு மின்னழுத்தத்தில் போடுவதும் கூடாது. மின்தேக்கிகளைக் கையேட்டின்படி படிப்படியாக மின்னழுத்தம் கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உதிரியாக வாங்கி வைத்த கருவி, தேவைப்பட்ட நாளில் பயனற்றுப் போவதற்கு இதை மறப்பதும் ஒரு காரணம்.

நிறுத்தப் பொத்தான் துண்டிப்பு ஆகாது

மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கும் வசதி பல மின்இயக்கிகளில் உண்டு. தொடக்கக் கட்டளை ஒற்றைச் சாவியால் நிலையாகத் தரப்பட்டிருந்தாலும் இதே விளைவு ஏற்படலாம். மின்தடை நேர்ந்த வேளையில் விசிறி அறைக்குள் இறங்கிப் பஞ்சை அகற்றும் தொழிலாளி, விசிறி நின்றிருப்பதைப் பார்த்து, அது நிறுத்தப்பட்டதாகவே எண்ணுவார். மின்சாரம் வந்ததும் மின்இயக்கி, ஓசையின்றி, மெல்ல மெல்ல வேகம் கூட்டித் தொடங்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கேட்கும் காண்டாக்டரின் ஒலி தரும் எச்சரிக்கைகூட இங்கே கிடைப்பதில்லை.

ஆட்கள் நெருங்கும் விசிறிகளில் இத்தானியங்கு வசதியை நீக்கிவிட்டு, தொடங்கு பொத்தானும் நிறுத்து பொத்தானும் தனித்தனியே உள்ள மூன்று கம்பி முறையை அமைப்பதே தக்கது. மின்தடைக்குப் பின் ஒருவர் வந்து பொத்தானை அழுத்தினால்தான் விசிறி ஓடும். இதனால் சில நிமிட ஈரப்பதம் குறையலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நிறுத்து பொத்தானை அழுத்துவதோ, மின்இயக்கியின் பாதுகாப்பு நிறுத்த வசதியைப் பயன்படுத்துவதோ மோட்டாரை மின்வழங்கலிலிருந்து துண்டிப்பதாகாது. மோட்டார் முனைகளில் உயிர்க்கொல்லும் மின்னழுத்தம் அப்போதும் இருக்கலாம். விசிறி அறைக்குள் செல்பவர் பிரதான சாவியைத் திறந்து, தம் சொந்தப் பூட்டால் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இணையாக வேறு விசிறிகள் ஓடும் காற்றுவழியில், நின்ற விசிறியைக் காற்றே சுழற்றும் என்பதையும் மறக்கலாகாது. அதை அசையாமல் பிணைத்த பின்னரே இறக்கையைத் தொடலாம்.

ஓட்டிப் பார்த்தல்

பெயர்ப்பலகையிலுள்ள மின்னழுத்தம், மின்னோட்டம், அதிர்வெண், சுற்றுவேகம் ஆகியவற்றை மின்இயக்கியில் பதிவு செய்த பின்னரே மோட்டாரை ஓட்ட வேண்டும். தயாரிப்பாளர் வைத்த எண்களோடு அப்படியே ஓட்டினால் மிகைச்சுமைக் காப்பு வேறொரு மோட்டாருக்கானதாகவே இருக்கும். முதலில் 5 ஹெர்ட்ஸில் திசையைப் பார்த்து, தவறாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திக் காத்திருந்து, வெளிச்செல்லும் கம்பிகளில் இரண்டை மாற்ற வேண்டும். பிறகு வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துகையில், குறிப்பிட்ட வேகம் ஒன்றில் விசிறி அதிர்ந்தால், அவ்வேகத்தில் நிலைக்காமல் தாண்டிச் செல்லுமாறு கருவியிலேயே ஏற்பாடு செய்யலாம்.

குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்தக் குளிர்விசிறியும் மெதுவாகச் சுழலும். காற்று விசிறியில் வேகத்தோடு சுமையும் குறைவதால் பெரிய தீங்கில்லை. இதே மின்இயக்கியைச் சுமை குறையாத கன்வேயருக்கு மாற்றினால் மோட்டார் வெந்துபோகும். அங்கே தனிக் குளிர்விசிறி தேவை.

கொள்முதல் அலுவலர் கவனத்திற்கு

மேற்கூறிய குறைபாடுகளில் பல, மின்பணியாளர் கையில் தொடங்குவதில்லை, ஒப்பந்தப்புள்ளியில் தொடங்குகின்றன. கருவிக்கு மட்டும் விலை கேட்டு, கவசக் கம்பி, கிளாண்ட், ரியாக்டர், எர்த் பட்டை ஆகியவற்றை ‘ஆலையில் உள்ளதைக் கொண்டு’ என்று விட்டுவிடுகின்றனர். மிகக் குறைந்த விலையில் வாங்கிய கருவி, கிடங்கில் மிஞ்சிய கம்பியால் இணைக்கப்படுகிறது. விலைக்கோரிக்கையிலேயே இவை அனைத்தும் கம்பியின் நீளத்தோடு இடம்பெற வேண்டும். மின்நிறுவல் பணியை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் செய்ய வேண்டும் என்ற சட்ட விதி மின்இயக்கிக்கும் பொருந்தும். கருவி விற்றவரின் ஊழியர் வந்து எண்களைப் பதிவு செய்து கொடுப்பது அக்கண்காணிப்புக்கு ஈடாகாது.

பணி முடிந்ததும் பதிவு செய்த எண்களின் பட்டியல், எர்த் மின்தடை அளவு, மின்காப்பு அளவு, கம்பி வரைபடம் ஆகியவற்றின் ஒரு படியைப் பெட்டியின் உள்ளேயே வைக்க வேண்டும். கதவின் வெளிப்புறத்தில் காத்திருக்க வேண்டிய நேரம் எழுதப்பட்டிருக்கும். இறக்குமதிக் கருவிகளில் அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. ஆமதாபாத் ஆலையில் அதைக் குஜராத்தியிலும், கோயம்புத்தூர் ஆலையில் தமிழிலும், வேற்று மாநிலத்தவர் பணிபுரியும் இடங்களில் அவர்தம் மொழியிலும், தொலைவிலிருந்தே படிக்கத்தக்க பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதற்குத் தனியே நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.